பலகையில் வைத்த கை

நாலாம் இலக்க அறையில், கட்டிலுக்குப் பின்னால் போர்வையால் மூடிச் சுவரோடு சாத்தியிருந்த அந்தச் சாமானை ரதி தொட்டிருக்கவே கூடாது. தங்க வருகிறவர்களின் சாமானில் கை வைக்கக் கூடாது என்பது விடுதிக்காரச் சின்யோராவின் முதலாவது சட்டம். ஆனால் போர்வை சின்யோராவுடையது, அதுவும் அழுக்குப் போர்வை, அதைத் துவைக்க எடுப்பது ரதியின் வேலை. பிறகு அவள் இப்படித்தான் நியாயம் சொன்னாள். உண்மையில் அவளுக்கு ஆவல் பொறுக்கவில்லை. இத்தாலியில், வியா மக்வேதாத் தெருவில், ஒரு மூன்றாம் மாடியின் ஆறு அறைகளை ஏழு வருடமாகத் துடைக்கிறவளுக்கு, ஆள் உயரத்தில் மூடி வைத்த சாமான் ஒன்று எத்தனை தரம் வாய்க்கும்?

போர்வையை இழுத்தாள். உள்ளே வண்ணம் தீட்டிய மரப்பலகை. அடியில் புகை வரும் மூன்று வீடுகள், அதற்கு மேல் நீல நிற ஆலைச் சக்கரம், அதற்கு மேல் ஒரு ரயில், எல்லாவற்றுக்கும் மேலே தீயணைக்கிற சிவப்பு வண்டி. ரதி வாயைப் பிளந்தபடி நின்றாள். பிறகு படிக்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"கத்தரீனாக்கா! ஓடி வாங்கோ! லின்டன்றீட் இஞ்சை நிக்குது!"

பக்கத்து அறையில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்த கத்தரீனா உறையோடே ஓடி வந்தாள். மன்னார்க்காரி, ரதியைவிடப் பத்து வயது மூத்தவள். இந்த வேலையை ரதிக்கு எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

"ஆரடி அவன்? பொலிசைக் கூப்பிடட்டே?"

"ஆளில்லை அக்கா, ஊர்! நான் வளந்த ஊர்! ஜெர்மனியிலை!"

கூட வேலை செய்கிறவள் ஜெர்மனியில் வளர்ந்தவள் என்பதே கத்தரீனாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். சொல்லாமல் விட்ட ரதியைக் குறை சொல்ல முடியாது. நகர ஓரத்துப் பிரான்காச்சோவில் ரதியின் வீட்டில் அந்த ஊரின் பெயரை எடுத்தாலே அப்பா தவராசா எழும்பி வெளியே போய்விடுவார்.

"இந்த மூண்டு வீட்டையும் பாருங்கோ," என்று ரதி மூச்சு விடாமல் தொடங்கினாள். "நானூறு வருசத்துக்கு முந்தி அங்கை முப்பது வருசம் சண்டை நடந்தது. முடிஞ்சு பாக்கேக்கை ஊரிலை மூண்டு வீட்டிலைதான் அடுப்புப் புகை வந்ததாம். அந்த மூண்டு வீட்டுச் சனத்தாலைதான் ஊர் திரும்ப உண்டானது."

"எங்கடை கதை மாதிரித்தான் கிடக்கு," என்றாள் கத்தரீனா. "அப்ப இந்த ரயில்?"

"ஐயோ, அது வரவே இல்லை அக்கா! ரயில் வரப்போகுதெண்ட சந்தோசப் புழுகத்திலை முதலே பலகையிலை கீறிப் போட்டினம். அது வேறை ஊர் வழியாலை போயிட்டுது. அழிக்கவும் மனமில்லை. அந்த வராத ரயிலுக்கு வருசா வருசம் புதுப் பெயின்ற் அடிக்கினம்!"

சொல்லும்போது ரதியின் முகம் பத்து வயதுப் பிள்ளையின் முகமாகிவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள ஊர். ஒரு தேவாலயம், ஒரு பால் சேகரிக்கும் கொட்டில், செவ்வாயும் வெள்ளியும் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகிற, பாண் விற்கிற வான். தீயணைப்பு நிலையத்தின் மேல்மாடி அறைகளில்தான் அகதிக் குடும்பத்தை வைத்தார்கள். ரதிக்கு அப்போது ஐந்து வயது. சங்கு ஊதினால் கட்டில் அதிரும். இரண்டாம் வருடமே தவராசாவும் தீயணைப்புத் தொண்டர் படையில் சேர்ந்து, சங்கு ஊதும்போதெல்லாம் எல்லாருக்கும் முதலில் கீழே இறங்கி நிற்பார். நிற்காமல் என்ன, படியால் இறங்கினால் வண்டி.

இந்தப் பலகை அந்த ஊரின் மே மாதக் கம்பத்துக்குரியது. மே முதலாம் திகதி முப்பது மீற்றர் மரம் ஒன்றை ஊரே சேர்ந்து நிமிர்த்தும். அதில் இந்தப் பலகையை மாட்டினால்தான் திருவிழா. அதற்கு முதல் வருகிற கிழமைகளில் பக்கத்து ஊர்க்காரர் வந்து மரத்தையோ பலகையையோ திருடலாம். திருடுவது குற்றம் இல்லை, திருட விடுவதுதான் வெட்கக்கேடு. களவு போனால் திருடின ஊர் முழுவதுக்கும் பீரும் பன்றி வறுவலும் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். தப்புகிறதற்கு ஒரே ஒரு வழி உண்டு. பலகை திருடர்களின் ஊருக்குள் போய்ச் சேர முதல், அவர்கள் கண் முன்னாலேயே, சொந்த ஊர்க்காரர் ஒருவர் அதில் கை வைத்து "இது இங்கேயே நிற்கும்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் மூச்சுக் காட்டாமல் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

"அப்ப இதைத் திருடிக்கொண்டு வந்தது?"

"ஆஷ்கோபன்காரர். ஆத்துக்கு அங்காலை. அவங்களைத் தவிர வேறை ஆருக்கு இந்தக் கொழுப்பு வரும்?"

முந்தின நாள் ரதிக்கு ஓய்வு. அன்றைக்குத்தான் எட்டுப் பேர், திருடின பலகையைத் தங்கள் ஊருக்குள் கொண்டுபோக முதல் அதற்கு உலகம் காட்டுகிறோம் என்று, இரண்டு வான்களில் கப்பலேறி வந்து நாலு அறைகளை எடுத்திருந்தார்கள். பலகையை இந்த நகரத்துப் பெரிய தேவாலயத்துக்கு முன்னால் வைத்து ஒரு படம், வுச்சீரியாச் சந்தையில் வாள்மீன் தலைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம், எல்லாம் எடுத்து யாருக்கோ அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்ததைக் கத்தரீனா தன் கண்ணால் பார்த்தாளாம். இன்று மத்தியானம் அறைகளைக் காலி செய்கிறார்கள். இரவுக் கப்பல்.

ரதி பலகையில் கையை வைத்து, அந்த ஊர் ஜெர்மனில், ஊர் வாக்கியத்தை உரத்துச் சொன்னாள்.

"ஆருக்குச் சொல்லுறாய்?" என்றாள் கத்தரீனா. "அவங்கள் கேக்க வேணும் எண்டெல்லோ சொன்னனி."

உண்மைதான். அந்த நேரம் பார்த்துப் படியில் ஜெர்மன் குரல்கள் கேட்டன. கத்தரீனா போர்வையை எறிந்து மூடி, ரதியைக் குளியலறைக்குள் தள்ளிவிட்டாள்.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் ரதி ரப்பர் கையுறையோடு நின்றாள். ஒரு கதவைத் திறக்க வேண்டும், ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கைப்பிடியைத் தொடவில்லை. 'நீயா? நீ அறை துடைக்கிறவள்' என்று அவர்கள் சிரித்துவிட்டால்? அப்படிச் சிரித்தால் அப்பா சொன்னதெல்லாம் சரி என்றாகிவிடும். பத்தொன்பது வருடத்துக்கு முதல், அகதி மனு கடைசியாகத் தள்ளுபடியாகி, இத்தாலியில் இருந்த மாமாவை நம்பி அவர்கள் பஸ் ஏறின நாள் ஏப்ரல் இருபத்தொன்பது. ஊர் முழுக்கக் கம்பத்துக்குக் காவல் இருந்தது. பஸ் தரிப்பிடத்துக்கு ஒருவரும் வரவில்லை. "ஒரு மரத்துக்குக் காவல் இருந்த சனம் எங்களை வழியனுப்ப வரேல்லை. அது எங்கடை ஊரில்லை, பிள்ளை. ஒருநாளும் இல்லை," என்று அப்பா பஸ்ஸில் வைத்துச் சொன்னார். பதினாலு வயதில் கேட்டது. அது பொய்யாக இருக்க வேண்டும் என்று ரதி ஆசைப்பட்டாள், இத்தனை வருடமாக.

வெளியே பலகை சுவரில் உரசுகிற சத்தம், சிரிப்பு, பிறகு கதவு சாத்தும் சத்தம். கத்தரீனா குளியலறைக் கதவைத் திறந்தாள்.

"கொண்டு போயிட்டாங்கள். இப்ப நீ போகாட்டி இனிச் சாகுமட்டும் இதைத்தான் என்ரை காதுக்குள்ளை ஓதப்போறாய். மிச்ச அறையை நான் பாக்கிறன். ஓடடி!"

ரதி ஓடினாள். மூன்று மாடியும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வியா மக்வேதாவில் சனம் நெரிந்தது. வான்களை ரயில் நிலையப் பக்கம் விட்டிருக்க வேண்டும். தூரத்தில் தலைகளுக்கு மேலே வராத ரயிலும் சிவப்பு வண்டியும் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தன. ரதி தள்ளினாள், இடித்தாள், ஐஸ்கிரீம் வைத்திருந்த ஒருவரிடம் ஓடியபடியே மன்னிப்புக் கேட்டாள், சுற்றுலாக் குதிரைவண்டி ஒன்றுக்கு முன்னால் பாய்ந்து வண்டிக்காரரிடம் நல்ல சிசிலியன் ஏச்சும் வாங்கினாள். சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம், பயத்தோடு கலந்து.

பலகையைப் பிடித்து, பளார் என்று கை வைத்தாள்.

"இது இங்கேயே நிற்கும்!"

முன்னால் சுமந்த இளைஞன் திரும்பினான். பெயர் ஹன்னெஸ் என்று பிறகு தெரிந்தது. ஊதா நிறக் கவுன் போட்ட, வியர்வை வழிகிற, கறுத்த பெண்ணொருத்தி அவனுடைய பாட்டன் பூட்டன் பேசின பேச்சில் கத்துகிறாள். அவன் சிரிக்கத் தொடங்கினான். ஆனால் பின்னால் வந்த உர்சுலா சிரிக்கவில்லை. அவள்தான் அந்தக் கூட்டத்தின் தலைவி, இறைச்சிக் கடைக்காரி, விதிகளில் கண்டிப்பானவள்.

"கையுறையோடு செல்லாது," என்றாள். "வெறுங்கையாக இருக்க வேண்டும்."

ரதி குனிந்து பார்த்தாள். இளஞ்சிவப்பு ரப்பர் கையுறை, சவர்க்கார நுரையோடு. பல்லால் இழுத்துக் கழற்றி எறிந்துவிட்டு, மறுபடி கை வைத்து, மறுபடி சொன்னாள்.

"இப்போது சரி," என்றாள் உர்சுலா. "ஆனால் லின்டன்றீட்காரர்தான் சொல்லலாம். நீ யார்?"

"ரதி. தவராசாவின் மகள். தீயணைப்பு நிலையத்தின் மேல்மாடி. ஒன்பது வருடம்."

"அதற்கு யார் சாட்சி?"

ரதி மூன்று வீட்டுப் புகையைச் சொன்னாள். ரயிலைச் சொன்னாள். அதெல்லாம் இணையத்திலேயே இருக்கிறது என்று ஹன்னெஸ் தள்ளிவிட்டான். சரி, லின்டன்றீட் ஊர்த்தலைவரையே கேட்போம் என்று உர்சுலா தொலைபேசியை எடுத்து, எல்லாரும் கேட்கும்படி வைத்தாள். தெருவோரத்தில் பொரித்த கடலைமா அப்பம் விற்கிறவரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்.

"தவராசாவா?" என்றது மறுமுனைக் குரல், இளம் குரல். "மன்னிக்க வேண்டும். பொய் சொல்லிப் பலகையை மீட்க நான் விரும்பவில்லை. எனக்கு அப்படி யாரையும் தெரியாது."

அப்பா சொன்னதுதான். ஊரே சொல்லிவிட்டது.

"அவர் ஆறு வருடத்துக்கு முதல் குடிவந்தவர், அவருக்கு யாரைத் தெரியும்," என்று உர்சுலா தொலைபேசியை அணைத்தாள். குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. "ஆனால் சாட்சி இல்லையே, பெண்ணே. கையை எடு."

அந்த இரக்கம்தான் ரதியைக் கிளப்பிவிட்டது. ஆஷ்கோபன்காரி ஒருத்தி லின்டன்றீட் பிள்ளைக்கு இரக்கம் காட்டுவதா? அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் வந்தது, ஆற்றங்கரையில் நின்று அக்கரைப் பிள்ளைகளுக்குக் கல்லெறிந்த காலத்துக் கோபம்.

"தவளைதூக்கிகள்!" என்று கத்தினாள். "குளத்தை இறைக்கப் போகிறோம் என்று தவளைகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடின சனம்! நீங்கள் வீடு திரும்ப முதல் தவளை குளத்துக்குத் திரும்பிவிட்டது! தவளைதூக்கிகள்!" அதோடு விடாமல், லின்டன்றீட் பிள்ளைகள் செய்கிற மாதிரியே கன்னத்தை உப்பி மூன்று தரம் தவளைபோலக் கத்தினாள், வியா மக்வேதாவின் நட்ட நடுவில்.

உர்சுலாவின் முகம் அவள் கடை இறைச்சியின் நிறத்துக்குப் போனது. எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை, கைமுட்டியை உயர்த்தி ஒரே குரலில் திருப்பிக் கத்தினார்கள்:

"ரயில் பார்க்கிறவர்கள்! ரயில் பார்க்கிறவர்கள்! போய்த் தண்டவாளம் தேடுங்கள்!"

பிறகு எட்டுப் பேரும் ரதியைத் திரும்பிப் பார்த்தார்கள். வழியில் போகிற அந்நியப் பெண்ணைப் பார்த்து யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள். அந்த ஏச்சு நூறு வருடத்துக்கு மேலாக ஒரே ஒரு ஊர்க்காரருக்குத்தான்.

முதலில் உர்சுலாவுக்குத்தான் விளங்கியது. பலகையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். "விடுங்கடா," என்றாள் மற்றவர்களிடம். "நாங்களே சாட்சி சொல்லிவிட்டோம். இவள் லின்டன்றீட்காரிதான். அசல்." பிறகு சிரிப்பு வெடித்து வந்தது. ரதியின் தோளில் அவள் போட்ட அடியில் ரதி பலகையோடு சேர்ந்து ஆடிப்போனாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் உர்சுலா விதியின் மீதியையும் சொன்னாள். கை வைத்தவர்தான் பலகையை ஊருக்குக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். வானில் இடம் இருக்கிறது. கப்பல் இன்றிரவு. விடுதியில் விட்டு வந்த ரதியின் பையில் இத்தாலியப் பாஸ்போர்ட் இருந்தது, எடுத்து ஒரு வருடம், ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை. கத்தரீனாவுக்குச் செய்தி அனுப்பினாள். 'போ, சின்யோராவை நான் சமாளிக்கிறன்' என்று மறுமொழி வந்தது.

பிறகு அப்பாவுக்கு எடுத்தாள். ஒரு கையால் பலகையைக் கட்டிப் பிடித்தபடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பலகை, கையுறை, ஊர்த்தலைவர், இரவுக் கப்பல்.

"ஆரின்ரை வானிலை போறாய்?" என்று கேட்டார் தவராசா.

"ஆஷ்கோபன்காரரின்ரை வானிலை அப்பா. நல்ல ஆக்கள்."

"நல்ல ஆக்களோ?" பத்தொன்பது வருடமாக அந்த ஊரைப் பற்றிப் பேசாத மனிதரின் குரல் சட்டென்று உயர்ந்தது. "பிள்ளை, பலகையைப் பின்னுக்குப் போட விடாதை. பக்கத்திலை வைச்சு, பிடிச்சுக்கொண்டே இரு. நித்திரை கொள்ளாதை. உவங்கள் தவளைதூக்கியள். நம்பேலாது."