குடல்வால்

மாதேஸ்வரன் கடைசியாகக் குறை சொன்னது அவரைக்காய்ப் பொரியலை. உப்பு போதவில்லை என்றார். மனைவி மீனாட்சி உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். ஏற்காடு கடைவீதியில் இருவரும் நடத்திய மெஸ்ஸில் அவருக்கு ஏதாவது ஒன்றில் தினமும் குறை இருக்கும். தட்டில் மட்டும் எதுவும் மிஞ்சாது.

சாப்பிட்டு எழுந்த பிறகு தொப்புளைச் சுற்றி வலித்தது. வாந்தி எடுத்தார். விடிந்தபோது வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. கம்பவுண்டர் அந்த இடத்தை அமுக்கிப் பார்த்து, உடனே சேலம் போகச் சொன்னார். மீனாட்சி மாற்றுத்துணி எடுத்து வைத்தாள்.

அப்போது எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் காளியண்ணன் இட்லி சாப்பிட வந்தார். இது தொக்கம் என்றார். தின்றது செரிக்காமல் குடலில் சிக்கியிருக்கிறது, நாகலூர் சின்னத்தாயி உறிஞ்சி எடுத்துவிடுவாள் என்றார். சேலம்தான் போக வேண்டும் என்று மீனாட்சி பிடிவாதம் பிடித்தாள். நாகலூர் போய்விட்டு வந்தாலும் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று மாதேஸ்வரன் முடிவு கட்டினார். ரைட்டரின் ஜீப் சும்மாதான் நின்றது.

சின்னத்தாயி அவர் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, வாழையிலையில் துப்பினாள். ஒரு கறித்துண்டு விழுந்தது.

"புரட்டாசி பொறந்ததுல இருந்து நான் கறி தொடலீங்க," என்றார் மாதேஸ்வரன். "இது வேற யாரோ தின்னதுங்க."

"தின்னது உனக்கு மறந்திருக்கும் சாமி. வயித்துக்கு மறக்குமா?"

திரும்பும்போது ஜீப் குலுங்கிய ஒவ்வொரு முறையும் அவர் பல்லைக் கடித்தார். வீடு வந்து படுத்தவருக்குச் சற்று நேரத்தில் வலி சட்டென்று அடங்கிவிட்டது. எழுந்து மோர் குடித்தார். ரைட்டருக்குத் தன் கையால் காப்பி ஆற்றிக் கொடுத்தார். சாயங்கால பஸ் வந்து ஹாரன் அடித்தது.

"ஏனுங்க, ஒருக்கா போய்க் காட்டிட்டு வந்துரலாமுங்க," என்றாள் மீனாட்சி.

"நோவே இல்லியே புள்ள. நல்ல வயித்த அறுக்கக் குடுக்கோணுமா?"

பஸ் போய்விட்டது.

மறுநாள் விடியற்காலையில் வயிறு பலகை மாதிரி இறுகி, உடம்பு கொதித்தது. அதே ஜீப்பில் சேலத்துக்கு இறக்கினார்கள். ஆபரேஷன் செய்தும் அவர் பிழைக்கவில்லை.

சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வால் தொங்கும் என்று டாக்டர் விளக்கினார். அது அடைத்து, வீங்கி, வெடித்திருக்கிறது. வெடித்ததும் சிலருக்கு வலி கொஞ்ச நேரம் அடங்கும், அதைக் குணமென்று நினைத்துவிடுவார்கள் என்றார். தின்ற கறி வயிற்றில் அப்படி வாரக்கணக்கில் சிக்கிக்கொண்டிருக்காதாம்.

"அந்த வாலுக்கு என்னங்க வேலை?" என்று மீனாட்சி கேட்டாள்.

செரிமானத்தில் அதற்கு வேலை எதுவும் இல்லை என்றார்.

துக்கம் விசாரிக்கச் சின்னத்தாயியும் வந்தாள். தொக்கம் சுத்தமாகத்தான் வந்தது என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்து மீனாட்சி மெஸ்ஸைத் திறந்தாள். பொரியலுக்கு அவளே உப்புப் பார்த்தாள்.

அவள் வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில் அந்த விரல் நீள வால் இன்னும் இருக்கிறது. இதுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.