மாட்டு மாத்திரையில் ஆறில் ஒரு பங்கு

அன்று பாலக்காட்டு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்தவர்கள்: மீனாட்சிபுரம் ரத்தினசாமியாகிய நான், என் மனைவி கமலாத்தாள், மகன் ஆனந்தகுமார், என் பேத்தி மௌனிகாவைத் தன் மகனுக்கு எடுக்க வந்திருந்த நாச்சிமுத்து, டாக்டர் செல்வப்பிரியா, ஊசி குத்திய நர்ஸ் ஜோஜோ. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லித் திரிபவர்கள் மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர்கள்.

எங்கள் தோப்பில் கள் இறக்குவதற்குக் குத்தகைக்கு விட்ட மரங்கள் நூறு உண்டு. எங்கள் வீட்டு ஆண்கள் மூன்று தலைமுறையாக அந்தப் பானையை மோந்துகூடப் பார்த்ததில்லை. நாச்சிமுத்து சம்பந்தம் பேசவந்தபோது முதலில் கேட்டதே அதைத்தான். தன் அண்ணனைக் குடிக்கு வாரிக்கொடுத்தவர். குடிக்கிற வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர்ச் சொம்பையே வாங்கினார்.

கல்யாணத்தை உறுதிசெய்து உப்புச் சர்க்கரை மாற்றும் நாளன்று காலை, மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்கும்போது நான் எழுந்தேன். கண் இருட்டியது. வாசல்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். காப்பித்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டியதுபோல் இருந்தது. அதற்கு முன் மூன்று நாளாகக் கக்கூசில் தார் ஊற்றியதுபோல் போய்க்கொண்டிருந்தது. நாற்றமோ சொல்லத் தரமல்ல. அதையெல்லாம் சபையில் சொல்வார்களா? ராகிக்களி தின்றதுதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். நாச்சிமுத்துதான் தன் காரில் என்னைத் தூக்கிப் போட்டு ஓட்டினார்.

ரத்த அளவு பாதியாகி ஆறரைக்கு வந்துவிட்டது என்று சொல்லி ஜோஜோ இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார். டாக்டரம்மா குடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வலி மாத்திரை ஏதாவது? அதற்கும் இல்லை என்றேன். அவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்பாரு, ரொம்ப நாளு குடிக்கறவங்களுக்கு ஈரல் கெட்டு, உணவுக்குழாயில ரத்தக்குழாய் பொடைச்சு வெடிக்கும். குடல்புண்ணுன்னா வேற. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. உண்மையச் சொன்னாத்தானுங்க காப்பாத்த முடியும்."

நாச்சிமுத்து கால்மாட்டில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தார். ஆனந்தகுமார் மின்விசிறியைப் பார்த்தான். பெற்ற மகனே சந்தேகப்படுகிறான் என்பது அந்த அண்ணாந்த கழுத்திலேயே தெரிந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் பேத்தியின் கல்யாணம் அந்தக் கட்டில்காலிலேயே முடிந்துவிடும்.

சொன்னேன். மாசியிலிருந்து எனக்கு முழங்கால் வலி. சபையில் சம்மணம் போட்டு உட்கார முடியாதவன் என்று பெயர் வாங்க விருப்பமில்லை. மருந்துக்கடைக்குப் போனால் ஊருக்கே தெரியும். காராம்பசுவின் கால் வீக்கத்துக்குக் கால்நடை டாக்டர் கொடுத்த பெரிய மாத்திரைகள் தொழுவத்து மாடத்தில் இருந்தன. மாடு நானூறு கிலோ, நான் அறுபத்தாறு. பாக்குவெட்டியால் ஆறு துண்டாக்கி, விடிகாலையில் வெறும் வயிற்றில், வரக்காப்பியோடு ஒன்று. நாற்பது நாள்.

கமலாத்தாள்தான் முதலில் பேசினாள்.

"ஏனுங்க டாக்டரு, பாலு ஏதாச்சும் சுரக்குதான்னும் பாத்துருங்க."

ஜோஜோ திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாட்டுக்கானாலும் மனுஷனுக்கானாலும் இந்த வகை வலி மாத்திரை வயிற்றின் உள்தோலைக் காக்கும் பூச்சைக் குறைத்துவிடும், பிறகு வயிற்று அமிலமே அதை அரித்துத் தின்னும் என்றார். உள்ளே ஒரு கிருமியும் குடியிருந்தால் புண் ஆழமாகி ரத்தக்குழாயைத் தொட்டுவிடுமாம். இரண்டு பாட்டில் ரத்தமும், அமிலத்தை அடக்கும் மருந்தும் ஏறின.

மறுநாள் காலை என்னை இடது பக்கமாகச் சாய்த்து, வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார்கள். ஐம்பது வருடமாக என் பேச்சை நடுவில் நிறுத்தியவர் யாரும் கிடையாது; அந்த வளையம் நிறுத்தியது. வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பதைக் கண்ணாடிக் குழாய் என்கிறார்கள், கண்ணாடியும் இல்லை ஒன்றும் இல்லை, கருநாகம் மாதிரி ஒரு ரப்பர். எச்சில் ஒழுக, ஏப்பம் விட்டுக்கொண்டு கிடந்தேன். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண், அதன் நடுவில் ஒரு ரத்தக்குழாய் கசிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஊசி போட்டு, சின்ன உலோகக் கவ்வியால் அதை இறுக்கிவிட்டார்கள். ஈரல் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது, நாச்சிமுத்து கேட்கும்படி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

அந்தக் குழாய் வழியாகவே கிள்ளி எடுத்த சதையில் கிருமி இருந்தது. பதினான்கு நாள் மாத்திரை, பிறகு கிருமி போய்விட்டதா என்று ஒரு பரிசோதனை, மலம் கறுத்தால் அன்றே வரவேண்டும், முழங்காலுக்குத் தைலமும் நாற்காலியும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் டீ குடிக்கப் போனபிறகு நாச்சிமுத்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குடி இல்லை என்று தெரிந்தும் சம்பந்தத்தை முறிக்கப் போகிறார், மாட்டுமருந்து தின்றவன் வீட்டில் பெண் எடுப்பாரா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சம்மந்தி, அந்த மாத்தரை வெள்ளையா, மஞ்சளுங்களா?"

"வெள்ளைங்க. ஏனுங்க?"

"நான் நாலா ஒடைக்கறனுங்க. இடுப்புக்கு."

"எத்தன நாளா?"

"பொங்கலுக்கு முன்னால இருந்து." கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "நேத்துல இருந்து கறுப்பாத்தான் போகுது," என்றார்.

மணியை அழுத்தி நானே ஜோஜோவைக் கூப்பிட்டேன். நாச்சிமுத்து தடுக்கப் பார்த்தார்; மானம் போகட்டும், மாப்பிள்ளையின் அப்பா வேண்டும் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை உப்புச் சர்க்கரை மாற்றினோம், இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து.

சம்பந்திகள் இருவரும் சேர்ந்து கள் குடித்து, ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ரத்தம் கக்கிக் கிடந்தார்கள் என்று பால் சொசைட்டியில் பேசுகிறார்கள். தவறு. நாச்சிமுத்து ரத்தம் கக்கவில்லை. அவருக்கு இருந்தது மேலோட்டமான புண், கசிவு தானாகவே நின்றிருந்தது. ஒரு ராத்திரி மட்டும் வைத்துப் பார்த்தார்கள், அதுவும் வேறு வார்டில்.