சோதனைக்குப் போகாத கிழங்கு

நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சி மூலிகை வளர்க்கும் பண்ணை அது. அங்கே சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவளை மேலாளர் ‘ஊமைக்கோட்டான்’ என்றுதான் கூப்பிடுவார். அன்று அவள் சேற்றுக் காலோடு அவர் அறைக்குள் நுழைந்து, வேரோடு பிடுங்கிய தண்ணீர்விட்டான் கொடியை மேசையில் போட்டாள்.

“தாய்ப்பால் ஊறும்னு இந்தக் கிழங்கைத்தான் பொடி பண்ணி விக்கிறோம். சோதனைக்கு மட்டும் ஏன் சார் இலையை அனுப்பச் சொல்றீங்க?”

“கிழங்கைத் தோண்டினா கொடி வீணாப் போகும். இலையும் அதே செடிதானேம்மா?”

“கழிவுநீர்ல வர்ற ஈயம் வேர்லதான் சார் தங்கும். கிழங்கை நானே சோதிச்சேன். அளவு தாண்டியிருக்கு.”

“ஊருக்கில்லாத அக்கறை உனக்கெதுக்கு?” என்று சிரித்தார்.

பிள்ளை பெற்ற அக்காவுக்கு அந்தப் பொடியைப் பெருமையோடு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

“முழுப் பூசணிக்காயை இலைக்குள்ள மறைக்காதீங்க சார்!” என்று கத்தினாள். அறைக்கு வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கிழங்கைச் சோதனை மாதிரிக்கான பையில் போட்டு, வெளிச் சோதனைக்கூடத்துக்குப் போகும் வண்டியில் தானே ஏற்றினாள். பிறகு அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அந்தப் பொடியை இனிமே தொடாதேக்கா.”

“நீதானேடி நல்லதுன்னு கொடுத்தே?”