ஏழாம் கூண்டின் ரத்தம்

என் வீட்டுக்காரர் பிராய்லர் பண்ணையில் தீவனம் கலப்பவர். தீவனத்தில் மெத்தியோனின், லைசின் என்று அமினோ அமிலங்களைக் கூட்டிப் போட்டால் கோழிக்கு ரத்தம் ஊறுமா என்று அங்கே ஒரு சோதனை. ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய கூண்டுகள், கூண்டுக்கு ஒரு கோழி. அவற்றுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது என் வேலை.

மனுஷர் தினமும் ஒவ்வொரு கோழியின் கீழ் இமையையும் இழுத்துப் பார்ப்பார். கொண்டை கொஞ்சம் வெளுத்தால் அவருக்குச் சோறு இறங்காது. எனக்குத் தலை சுற்றுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"உனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்க" என்பார்.

எரிச்சல் தலைக்கேறியது. என் கையிலேயே ஊசியைக் குத்தி, ஏழாம் கூண்டுக் கோழியின் குழாயில் என் ரத்தத்தை அனுப்பிவிட்டேன். அறிக்கை வந்ததும் அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

அறிக்கை வரவில்லை. கால்நடை டாக்டரே ஓடி வந்தார்.

"கோழியோட சிவப்பணுவுக்குள்ள கரு இருக்கணும். ஏழாம் கோழிக்கு ஒண்ணுலகூட இல்ல! ரத்தமும் பாதிதான் இருக்கு. உலகத்துல இல்லாத வியாதி. எல்லாக் கோழியையும் அழிச்சிடணும்!"

மனுஷச் சிவப்பணுவில் அந்தக் கரு இருக்காது என்பது அவர் படித்ததுதான். கோழிக் குழாயில் அதை யார் எதிர்பார்ப்பார்கள்?

வீட்டுக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்து ஏழாம் கோழியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அது அவர் சட்டைப் பொத்தானைக் கொத்தியது.

"பயப்படாத கண்ணு, நான் இருக்கேன்" என்றார்.

கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அது என் ரத்தங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்பாடா! அப்ப இதுக்கு ஒண்ணுமில்ல!"

அழுகை முட்டியது. காலியாகக் கிடந்த ஏழாம் கூண்டுக்குள் நுழைந்து மரத்தூளில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரருக்கோ கூண்டுக்குள் எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. உட்கார்ந்தபடியே குனிந்து என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ஐயோ, இப்படி வெளுத்திருக்கே! எத்தனை நாளா இப்படி இருக்க?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் ஏங்கிக் கிடந்தேன்.

"எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கோழியக் கூப்பிட்ட மாதிரி கூப்பிடுங்க."

டாக்டரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எழுந்திரு கண்ணு."

அவர் மடியிலிருந்து இறங்கி ஏழாம் கோழி விறுவிறுவென்று ஓடி வந்தது.