பேராசிரியரின் சொற்குடும்பங்கள்

புத்தகம் பைண்டிங்கிலிருந்து வந்த செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு அருள்செல்வி கொலை செய்யப்பட்டாள்.

ரத்தம் வரவில்லை. அட்டையில் அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பேராசிரியர் அழகிரிசாமி, எம்.ஏ., எம்.ஃபில்.' என்று இருந்தது. அவ்வளவுதான்.

'ஆங்கிலச் சொற்குடும்பங்கள்'. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆறு வருடம்.

கோவை டவுன்ஹால் பக்கத்து அச்சகம் ஒன்றில் அவள் புரூப் ரீடர். ப்ளஸ் டூவோடு படிப்பு நின்றுபோனவள். 1990-ல் ஒருநாள் காலையில் பருத்திப் பூச்சிமருந்துத் துண்டறிக்கை ஒன்று திருத்த வந்தது. மதியம் ஒரு வக்கீலின் குற்றவியல் கையேடு. இரண்டிலும் சில சொற்கள் ஒரே நாலெழுத்தில் முடிந்தன. சி, ஐ, டி, ஈ. பூச்சியைக் கொன்றால் பெஸ்டிசைட். மனிதனைக் கொன்றால் ஹோமிசைட். தன்னையே கொன்றுகொண்டால் சூயிசைட். முதல் மூன்றெழுத்து சி.ஐ.டி.; நாலாவது வந்து ஒட்டினால் கொலை! அவளுக்குச் சிரிப்பு வந்தது. கழித்துப்போட்ட தாளின் பின்பக்கம் குறித்து வைத்தாள்.

அன்று பிடித்த பைத்தியம் விடவில்லை. 'மால்' என்று தொடங்கினால் பெரும்பாலும் கெடுதல்: மாலிஸ் என்றால் வன்மம், மால்நியூட்ரிஷன் என்றால் ஊட்டக்குறைவு. 'பெனி' என்று தொடங்கினால் நல்லது. 'ஃபோபியா' என்று முடிந்தால் பயம். எழுத்துகளைப் பங்குபோட்டுக்கொண்ட சொற்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றின் முகம் தெரிந்தால் மற்றவையும் பிடிபடும். 'டிசைட்' மட்டும் மூன்று நாள் தூங்கவிடவில்லை. முடிவெடு என்று அர்த்தம். இதில் செத்தது யார்? கடைசியில் ஒரு பழைய அகராதியில் கண்டுபிடித்தாள். மற்ற வழிகளையெல்லாம் வெட்டி எறிவதுதான் முடிவெடுப்பது.

இதைப் புத்தகமாகப் போடலாம் என்று சொன்னவர் அச்சக முதலாளி லட்சுமணசாமிதான். அந்த வருடம் கண் டாக்டரும் ஒரு விஷயம் சொன்னார். பொடி எழுத்தோடு மல்லுக்கட்டுவதை இரண்டு வருடத்துக்குள் விடாவிட்டால் எழுத்தே அவளை விட்டுவிடும். அருள்செல்வி பெருந்துறையில் ஒரு மெட்ரிக் பள்ளிக்குப் போய் வேலை கேட்டாள். தாளாளர் ராசப்பன் யோசித்தார். டிகிரி இல்லாவிட்டால் பரவாயில்லை, சொந்தமாகப் புத்தகம் எழுதின டீச்சர் என்று பெற்றோரிடம் சொல்லிக்கொள்ளலாம், புத்தகத்தோடு ஜூனில் வாருங்கள் என்றார்.

எல்லாம் அந்த அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அட்டையும் முதல் நாலு பக்கமும் தன்னிடம் திருத்துவதற்கு வரவே இல்லை என்பது அவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் உறைத்தது. முதலாளியின் அறைக்குப் போனாள். லட்சுமணசாமி எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். மரியாதைக்குக் குறைவில்லாத மனிதர்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. ப்ளஸ் டூ படிச்சவங்க போட்ட இங்கிலீஷ் புத்தகத்த எந்த ஹெட்மாஸ்டருங்க வாங்குவாரு? நன்றியுரைல உங்க பேரு இருக்குது, பாருங்க."

இருந்தது. 'பிழை திருத்தி உதவிய செல்வி அருள்செல்விக்கு.'

கைடு வியாபாரத்தில் இது புதிதில்லை. பேராசிரியர்கள் பெயரை வாடகைக்கு விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். கையெழுத்துப் பிரதி எங்கே என்று கேட்டாள். பழைய பேப்பரோடு போய்விட்டதாம்.

வியாழக்கிழமை பெருந்துறை. ராசப்பனின் மேசையில் அதே புத்தகம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அச்சகத்து ஏஜென்ட் முந்திக்கொண்டிருந்தான். அவர் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பக்கத்தைப் புரட்டிக் கேட்கக் கேட்க, அவள் சொல், அர்த்தம், குடும்பம் என்று நிற்காமல் ஒப்பித்தாள்.

"அடேயப்பா, புத்தகத்த அப்படியே உருப்போட்டுப் போட்டீங்க" என்றார் ராசப்பன்.

"எழுதுனதே நானுங்க."

அவர் சிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேராசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்தால் யோசிப்பதாகச் சொன்னார். தமக்கு ஏதாவது ஒரு காகிதம் வேண்டும்.

சனிக்கிழமை பீளமேட்டில் அழகிரிசாமியின் வீடு. மனைவி அம்புஜம் காபி கொடுத்தார். பேராசிரியருக்குப் புத்தகத்தின் பெயர் நினைவுக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வந்ததும் முகம் மலர்ந்தது. நன்றாக விற்குமாமே என்றார். அவள் ஒரு சான்றிதழ் வேண்டும் என்றாள். எழுதியே கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னாள்.

"எழுதியே கொண்டாந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு கண்ணு. குடுங்க."

தாளில் நாலே வரி. 'ஆங்கிலச் சொற்குடும்பங்கள் என்னும் நூலை முழுவதும் தொகுத்து எழுதியவர் செல்வி அருள்செல்வி. நான் என் பெயரை மட்டுமே கொடுத்தேன்.'

அவர் பேனாவைத் திறந்தார். கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி பக்கத்து ஸ்டூலில் இருந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டியது மரியாதை. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

உள்ளேயிருந்து அம்புஜம் இலை போட்டாகிவிட்டது என்றார்.

நாற்பது வருடமாக நடத்தைச் சான்றிதழுக்கும் விடுப்புக் கடிதத்துக்கும் போட்ட அதே கையெழுத்து. தேதி, ரப்பர் முத்திரை. வாசிக்கவே இல்லை.

"ஒண்ணு போதுமுங்களா?"

"போதுமுங்க."

பெருந்துறை பஸ்ஸில் வழிநெடுக அந்தத் தாளை மார்போடு பிடித்திருந்தாள்.

ராசப்பன் இரண்டு தடவை படித்தார். புத்தகத்தின் முன்னுரைக்குக் கீழே அச்சாகியிருந்த கையெழுத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பிறகு அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை இருந்தது. நம்பிவிட்டார்! அவளுக்குக் கண் கலங்கிற்று.

"இது நெசந்தானுங்க" என்றார். "இதுக்கு நகல் வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

தாளை நான்காக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பூட்டினார்.

"ஆண்டுவிழாவுக்குப் பேராசிரியரக் கூப்புட்டு ரெண்டு வருசமா வர மாட்டேங்கறாருங்க. இனி வருவாரு. வருசா வருசம் வருவாரு. நீங்க ஒண்ணாந்தேதி சேந்துக்குங்க. வெளியில மட்டும் இதப் பேச வேண்டாமுங்க, அவுரு பேருக்குத்தான் பசங்க சேருவாங்க."

காகிதத்தைத் திருப்பிக் கேட்டாள். தன்னிடமே பத்திரமாக இருக்கட்டும் என்றார். அவளிடம் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மேசைமேலிருந்து வேறொரு தாளை எடுத்து நீட்டினார். வியாழக்கிழமையே அச்சுக்கோக்கக் கொடுத்திருந்த பள்ளி அட்மிஷன் நோட்டீஸின் புரூப். அவளுக்குத்தான் பழக்கமாயிற்றே, ஒரு பார்வை பார்த்துக் கொடுத்தால் இன்றே அச்சுக்குப் போகும் என்றார்.

'பேராசிரியர் அழகிரிசாமி அவர்களின் மாணவி நடத்தும் சிறப்பு ஆங்கில வகுப்பு.'

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஓர் ஒற்றுப்பிழை. தொலைபேசி எண்ணில் ஓர் எண் விட்டுப்போயிருந்தது. இரண்டையும் திருத்தினாள். மேலே போய் மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தாள். மாணவிக்குப் பெயர் இல்லை. அது அச்சுப்பிழை அல்ல.

கீழே, வலது ஓரத்தில், 'அச்சிடலாம்' என்று எழுதிக் கொடுத்தாள்.