கை பொறுக்கிற சூடு

முகமெல்லாம் சோப்பு நுரையோடு பழனிவேல் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு கொல்லைக்கு வந்தார். இடுப்பில் துண்டு மட்டும்தான். மார்கழிக் காற்று ஈர உடம்பில் சுருக்கென்று ஏறியது. கேஸ் கீசர் வெளியே, கதவுக்கு எதிர்ச்சுவரில் இருந்தது. உள்ளே மாட்டினால் புகை அடைக்கும் என்று மாட்ட வந்தவன் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து இவர் உள்ளே இருந்தபடி "சுடுது" என்பார், இல்லையென்றால் "ஆறிப்போச்சு" என்பார். வெளியே நிற்கும் மனைவி புஷ்பவல்லி எதையோ திருகுவாள். தண்ணீர் சரியாகிவிடும். எதைத் திருகினாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மாசியில் மகள் பிரவீணாவின் பிரசவத்துக்கு ஓசூர் போனவள் அவள். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றுதான் கிளம்பினாள். கோடை முழுக்கப் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டதால் கீசரின் நினைப்பே அவருக்கு வரவில்லை. இப்போது அப்படி முடியவில்லை. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றிவிட்டு வந்தால், மயிர்க்காலில் அப்பிய தூசி குளிர்ந்த தண்ணீருக்கு அசைவதில்லை.

துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு போனில் அவளைக் கூப்பிட்டார்.

"கேஸ முழுசா வச்சுட்டேன் புஷ்பா. அப்பவும் வெதுவெதுன்னுதான் வருது."

"கேஸ விடுங்க. பக்கத்துல தண்ணிக்கு ஒரு திருகு இருக்கு பாருங்க, அதக் கொறைங்க. தண்ணி மெதுவாப் போனாத்தான் சூடு ஏறும்."

குறைத்தார். தீ பொசுக்கென்று போய்விட்டது.

"அணைஞ்சிருச்சு."

"ரொம்பக் கொறச்சிட்டீங்க. வேகம் பத்தலன்னா அது தானா அணைஞ்சுக்கும். கொஞ்சம் தொறங்க. வெயில் காலத்துல டேங்க் தண்ணியே சூடா இருக்கும், வேகமா விடலாம். இப்பச் சில்லுன்னு இருக்குல்ல, அணையாத அளவுக்கு மெல்லிசா விடணும். ரெண்டும் ஒத்து வரணும்."

டிக் டிக் என்று பொறி தட்டித் தீ மறுபடி பற்றியது.

"இதத் தெனமும் பாத்துக்கிட்டா நின்ன?"

"பின்ன?" என்றாள். அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அதைத் தட்டிக்கொடுத்தபடியே சொன்னாள். "நீங்களே பழகிக்கங்க. பிரவீணா வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா. பையன் ஸ்கூலுக்குப் போற வரைக்கும் நான் இங்கேருந்து நகர முடியாது."

பையனுக்கு இன்னும் நடை வரவில்லை. பொங்கலுக்காவது வந்துட்டுப் போ என்று சொல்ல வாயெடுத்தார். சோப்பு காய்ந்து முகத்தோல் இழுத்தது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ பிள்ளையப் பாரு."

போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனார். குழாயின் கீழே விரலை நீட்டினார். கை பொறுக்கிற சூடு. பழக்கத்தில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தொட்டவர் அப்படியே நின்றார். தீ அணைந்தால் இனி யார் சொல்வார்கள்? வீட்டில் வேறு யாரும் இல்லை, வெட்கப்படவும் ஆளில்லை. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுக் குந்தினார். குளிர் நேராக உள்ளே வந்தது. மெல்லிசாக விழும் தண்ணீரில் வாளி மெதுவாக நிறைய, கீசரின் சின்னக் கண்ணாடிக்குள் ஆடும் நீலத் தீயிலிருந்து கண்ணை எடுக்காமல் முதல் சொம்பை மொண்டு தோளில் ஊற்றிக்கொண்டார்.