ஸ்லைடு உள்ள வந்தாத்தான் ஏரிக்கரை

எல்லாரும் சௌக்கியமா? முட்டி வலியெல்லாம் எப்படி இருக்கு? டயர்ல காத்து பாத்தீங்களா? எனக்கு ஒரு கொறையும் இல்ல, அரிசோனா வெயில்தான் மண்டையப் பொளக்குது.

ஜூன் வந்தாச்சு. இங்க நின்ன டிரெய்லர் வீடுங்க எல்லாம் வடக்க போயாச்சு. நானும் மொன்டானா ஏரிக்கரைக்குப் போயே ஆகணும். செர்ரி பழுக்கறப்ப நானும் எங்க வீட்டுக்காரர் வர்ஜிலும் வருஷா வருஷம் அங்கதான் இருப்போம், கூடைய நடுவுல வெச்சு ஒருத்தர் பக்கம் ஒருத்தர் தள்ளித் தின்னுக்கிட்டு. போன வருஷம் அவர் செத்துட்டாரு, நான் போகல. சைடுல வெளிய தள்ளி வெச்ச ரூமு, அதான் ஸ்லைடு, அப்படியே கெடந்துச்சு. சுத்தியிருந்த ரப்பர் வெடிச்சு, மழைத்தண்ணி எறங்கி, அந்த ஓரத்துத் தரையெல்லாம் ஊறிப்போச்சு. கால் வெச்சா ரொட்டி மாதிரி அமுங்குது. ஸ்லைடை உள்ள இழுக்காம வண்டிய நகத்த முடியுமா?

பக்கத்து டிரெய்லர் டுவேனும் அவர் பொண்டாட்டி மார்லிஸும் எனக்காகத்தான் இன்னும் கெளம்பாம இருந்தாங்க.

டுவேன் தரைய அழுத்திப் பாத்துட்டு, "ஹேசல், நீ எப்படி இன்னும் உள்ள விழாம இருக்க?"ன்னாரு.

"அவ விழமாட்டா. நீ தள்ளி நில்லு, தொப்பைக்குத் தாங்காது"ன்னா மார்லிஸ்.

பழைய தரை ஷீட்டை உரிச்சோம். ஓரத்துல மட்டும் பின் அடிச்சிருந்ததால கிழியாம வந்துச்சு. சுருட்டி வெளிய சாத்திட்டு, அழுகின பலகைய அறுத்துப் போட்டு, ஃபேன் வெச்சுக் காயவெச்சு, புதுப் பலகை முடுக்கினோம். ரப்பரும் மாத்தியாச்சு. மேல ஓக் மரம் மாதிரியே இருக்கற பிளாஸ்டிக் தரைப் பட்டைங்க, நல்ல கனம். ஸ்லைடு வெளிய இருக்கறப்பவே ஒட்டி முடிச்சு, மூணு பேரும் நின்னு அழகு பாத்தோம்.

ஸ்லைடை உள்ள இழுக்கற பட்டனை அமுக்கினேன். கர்ருன்னு ஒரு சத்தம். புதுத் தரையில முட்டி நின்னுடுச்சு!

"பட்டை கனத்துக்குத் தரை ஒசந்துடுச்சு. மெல்லிசு ஷீட்டுதான் போடணும்"னு டுவேன் தலையில கைய வெச்சாரு. "கடையில சொல்லி வரவழைக்கணும். எப்ப வருமோ. நாங்க நாளைக்குக் கெளம்பணுமே."

அப்பத்தான் வெளிய சாத்தின பழைய ஷீட்டு கண்ணுல பட்டுச்சு.

கழுவி விரிச்சேன். ஒரு ஓரத்துல ரெண்டு குதிகால் அளவுக்குத் தேஞ்சிருந்துச்சு. ஸ்லைடு உள்ள வர்றப்ப வர்ஜில் நிக்கற எடம். பட்டன்கிட்ட நான், ஸ்லைடு எங்கயும் இடிக்குதான்னு பாத்துக்கிட்டு அவரு. "வா... வா... வாடி என் ராசாத்தி... நில்லு!"ம்பாரு.

"என்னையா சொல்றீங்க?"ம்பேன்.

"ஒன்ன இல்ல, ரூமை!"

டுவேன், "தேஞ்சிருக்கே, வெட்டிடவா?"ன்னாரு.

"வெட்டாத. அது அதே எடத்துலதான் வரணும்."

ஓரத்துப் பட்டைங்களப் பேத்துட்டு அந்தப் பழைய ஷீட்டையே போட்டாரு. பட்டன் மேல வெரல் வெச்சேன், அமுக்க வரல. யாராவது சொல்லணுமே.

மார்லிஸ் புரிஞ்சுக்கிட்டா. அந்தத் தேஞ்ச எடத்துல நிக்காம, கொஞ்சம் தள்ளி நின்னு, "வா... வா..."ன்னா. அமுக்கினேன், ஸ்லைடு வெண்ணெயா வழுக்கி உள்ள வந்துச்சு. "நில்லு!"

ராசாத்தின்னு அவ சொல்லல. அத நானே வாய்க்குள்ள சொல்லிக்கிட்டேன்.

நாளைக்குக் கெளம்பறேன். ஏரிக்கரையில செர்ரிக் கூடைய நடுவுல வெச்சு யார் பக்கம் தள்ளறதுன்னுதான் தெரியல.

உங்க வீட்டு ஸ்லைடு உள்ள வர்றப்ப யாரு நின்னு பாக்கறாங்க? என்ன சொல்லிக் கூப்பிடறாங்க? எழுதுங்க, போற வழியில வண்டிய நிறுத்தி நிறுத்திப் படிக்கறேன்.